தீபாவளித் துணியும் ஒரு வாளித் தண்ணீரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தீபாவளிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தையல் மெசின் வைத்துப் பிழைக்கும் எனக்கு இந்த ஐந்து வாரமும் தலை சொறிய நேரம் கிடைக்காது. போன வருடமும் இதை எழுத நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருந்ததில் தீபாவளி வந்து போய்விட்டது. இந்த முறை அப்படி ஆகக் கூடாதென்று பாதி வெட்டிய ஜாக்கெட் துணியை ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயம் சின்னதுதான். கடையில் வாங்கும் புதுத்துணியை ஒரு தரம் அலசிக் காயப்போட்டு, அதற்குப் பிறகு பிள்ளைகளுக்கு உடுத்துங்கள். அவ்வளவுதான். ஆனால் இதை எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வாய்விட்டுச் சொன்ன நாளிலிருந்து என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

பார்ப்பதில் தப்பில்லை. எங்கள் வழக்கம் அப்படி. தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி எல்லோருடைய புதுத்துணியையும் சாமிப் படத்துக்கு முன்னால் தட்டில் அடுக்கி வைப்போம். விடியக்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்ததும் பெரியவர்கள் துணியின் மூலையில் மஞ்சளைத் தொட்டு வைத்துக் கையில் கொடுப்பார்கள். 2020-இல் இறக்குமதியை நிறுத்தி, மஞ்சள்தூள் கிலோ ஆயிரக்கணக்கில் ஏறிக் கிடந்தபோதுகூட, குழம்புக்குக் குறைத்துக்கொண்டு துணிக்கு ஒரு சிட்டிகை ஒதுக்கி வைத்தவர்கள் நாங்கள். அந்தத் துணியில் தண்ணீர் பட்டிருக்கக் கூடாது. பட்டால் அது கோடித்துணி இல்லை. என் மாமியார் இதை ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவார்: "நனைச்ச துணி பழந்துணி. பழந்துணியக் கட்டவா பண்டிகை வருது?"

செத்த வீட்டுக்குப் பிறந்த வீட்டார் கொண்டுவந்து போடுவதும் கோடிதான். அதுவும் அலசாத துணிதான். படுத்திருக்கிறவருக்கு அரிக்கப் போவதில்லை, சரி. நான் கேட்பது எழும்பி ஓடித்திரியும் பிள்ளைகளுக்காக.

இரண்டு வருடத்துக்கு முன் என் பேத்திக்கு நாலு வயது. மருமகன் டவுனில் ஒரு கடையில் கவுன் எடுத்து வந்தார். கடும் நீலத்தில் நெட் துணி, உள்ளே அதே நிறத்தில் சட்டின் மாதிரி வழுவழுப்பான லைனிங், இடுப்பில் இலாஸ்டிக், கழுத்தைச் சுற்றிப் பளபளக்கும் கல். தையல் சுமார். விலை சுமார் இல்லை. பிள்ளைக்குக் கழற்ற மனமே வரவில்லை. காலையில் கோயில், பகல் சொந்தக்காரர் வீடு, பின்னேரம் பட்டாசு, ராத்திரி அதோடேயே தூங்கிப்போனாள். அன்றைக்கு மழை விட்டு நல்ல வெயில் வேறு. ஓடி ஓடி வியர்த்துக் கிடந்தாள்.

மறுநாள் ராத்திரி அரிக்கிறது என்று அழுதாள். சட்டையை நீக்கிப் பார்த்தால் கழுத்தைச் சுற்றி ஒரு வளையம், இரண்டு கக்கத்திலும் சிவந்த தடிப்பு, இடுப்பில் இலாஸ்டிக் இருந்த இடத்தில் பட்டை போட்ட மாதிரி ஒரு கோடு. முகத்தில் ஒன்றுமில்லை. கையில் ஒன்றுமில்லை. முப்பது வருடமாகத் துணியோடு கிடக்கிற கண்ணுக்கு அது உடனே தெரிந்தது. அந்தக் கவுனை எப்படி வெட்டியிருந்தார்களோ, அதே வெட்டு பிள்ளையின் தோலில் வரைந்திருந்தது.

வீட்டில் ஆளுக்கொரு காரணம். முறுக்கும் அச்சுப்பலகாரமும் தின்ற சூடு என்றார் ஒருவர். கண்ணு பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டார் அத்தை. தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த ஐயா கழுத்தையும் கக்கத்தையும் பார்த்துவிட்டு என்ன சாப்பிட்டாள் என்று கேட்கவே இல்லை. "புதுச் சட்டை போட்டீங்களா? கழுவினீங்களா?" இவ்வளவுதான் கேட்டார். பூச ஒரு மருந்தும் அரிப்புக்குக் குடிக்க ஒரு பாணி மருந்தும் தந்து, அந்தச் சட்டையை இனி மேலில் போட வேண்டாம் என்று அனுப்பினார். நாலைந்து நாளில் ஆறியது.

வீட்டுக்கு வந்து அந்தக் கவுனை வாளித் தண்ணீரில் போட்டேன். சவுக்காரம்கூடப் போடவில்லை. கையால் இரண்டு தரம் கசக்கியதுதான், பள்ளிக்கூடத்தில் நாங்கள் வைத்திருந்த இங்க் போத்தலைக் கவிழ்த்தது போல ஆயிற்று தண்ணீர். மூன்று வாளி மாற்றியும் நீலம் விடவில்லை. பண்டிகையன்று ராத்திரி பிள்ளையின் கழுத்தைத் துடைத்த வெள்ளைத் துவாயைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அதிலும் நீலம். அன்றைக்கே கண்ணில் பட்டிருக்க வேண்டியது, படவில்லை.

எனக்கு இதில் வெட்கம் இருக்கிறது, ஆசிரியர் ஐயா. ஏனென்றால் இது எனக்குத் தெரியாத விஷயமல்ல. 1994 முதல் 2001 வரை ஏழு வருடம் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் ஒரு கார்மன்டில், அதாவது ஆடைத் தொழிற்சாலையில், வேலை செய்தவள் நான். பெயர் எதற்கு, வேலையைச் சொல்கிறேன். ஃபினிஷிங் பகுதி. தைத்து வரும் உடுப்பில் நூல் கத்தரிப்போம். எண்ணெய்க் கறை இருந்தால் துப்பாக்கி மாதிரி ஒரு சாமானால் மருந்து பீய்ச்சிக் கறை எடுப்போம். பிறகு அயன் பண்ணி, மடித்து, பொலித்தீன் பையில் போட்டுப் பெட்டியில் அடுக்குவோம். எதையும் கழுவிப் பெட்டியில் போட்டதாக எனக்கு ஞாபகமில்லை. ஜீன்ஸ் போன்றவற்றைக் கழுவுவதற்கென்று வேறு இடங்கள் இருந்தன. மற்றவை தறியிலிருந்தும் சாயப் பட்டறையிலிருந்தும் வந்த துணி வந்தபடியே, வெட்டுமேசை, தையல் மேசை, எங்கள் மேசை என்று எத்தனையோ கை மாறித்தான் பெட்டிக்குள் போகும். கீழே விழுந்தால் தட்டி எடுத்து மேசையில் வைப்போம். வேறென்ன செய்வது, ஒரு மணித்தியாலத்துக்கு இத்தனை என்று கணக்கு.

சில நாள் சுருங்காத காற்சட்டை ஓர்டர் வரும். அயன் தேவையில்லை, கழுவினாலும் மடிப்புக் கலையாது என்று விற்பார்களே, அது. அந்தத் துணியை அயன் பண்ணும்போது ஆவியோடு ஒரு மணம் கிளம்பி மூக்கில் ஏறும், கண் கரிக்கும். புதுத்துணி வாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூட விஞ்ஞான அறையில் போத்தலுக்குள் தவளை மிதக்குமே, அந்தப் போமலினில் இருக்கும் போர்மல்டிஹைட்தான் இதிலும் என்று வெகுநாள் கழித்துத்தான் அறிந்துகொண்டேன். துணி சுருங்காமல் இருப்பதற்காக ஒரு பிசின் மருந்தைப் போட்டுச் சூட்டில் வாட்டுகிறார்கள். அதில் ஒட்டாமல் மிஞ்சி நிற்பது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும், சூடும் வியர்வையும் பட்டால் கூடுதலாக வரும். ஆனால் அது தண்ணீரில் கரைகிற சாமான், அலசினால் மிஞ்சி நிற்பதில் பெரும்பங்கு போய்விடும். சட்டமும் இல்லாமல் இல்லை. ஜப்பானில் 1973-இலேயே, அதாவது நான் பிறப்பதற்கு முந்திய வருடமே, இதற்குச் சட்டம் எழுதிவிட்டார்கள். தோலில் படும் உடுப்புக்கு பத்து லட்சத்தில் 75 பங்கு என்று அளவு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் உடுப்பில் இருக்கவே கூடாது என்கிற அளவுக்குக் கண்டிப்பு.

இதை வாசித்துவிட்டு யாரும் பயந்துபோகக் கூடாது. 2010-இல் அமெரிக்க அரசாங்கத்தின் கணக்காய்வு அலுவலகம் 180 துணிச் சாமான்களைப் பரிசோதித்ததில் பத்தில்தான் அந்த 75-க்கு மேல் இருந்ததாம். என் மகன் போனில் தேடி வாசித்துச் சொன்னான். ஆகவே எடுத்த துணி எல்லாம் விஷம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பத்து எது என்று கடையில் தொங்கும்போது பார்த்துச் சொல்ல என்னாலும் முடியாது, கடைக்காரராலும் முடியாது என்பதைத்தான் சொல்கிறேன்.

என் பேத்திக்கு வந்தது போமலின் விஷயமாக இருக்காது என்று நினைக்கிறேன். அது சாயம். பொலியெஸ்டர், நைலோன் துணிகளுக்குப் போடும் ஒருவகைச் சாயம், முக்கியமாகக் கடும் நீலமும் கறுப்பும், துணியில் கெட்டியாக நிற்காவிட்டால் வியர்வையோடு தோலுக்கு இறங்கிவிடுகிறது. சிலருக்கு ஒன்றும் செய்யாது. ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சில மணித்தியாலத்திலோ ஒன்றிரண்டு நாளிலோ தடித்துவிடும், அதுவும் துணி உரசும் இடத்தில்தான். அதனால்தான் பலகாரத்தின் மேல் பழி போகிறது. ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: ஒருதரம் ஒத்துக்கொள்ளாமல் போன துணியைப் பத்துத் தரம் துவைத்தாலும் நம்ப முடியாது. அலசுவதால் உதிர்கிற சாயம் போகும், ஊறிப்போனது போகாது. அந்த நீலக் கவுன் இன்னும் டிரங்குப் பெட்டியில்தான் கிடக்கிறது. எறியவும் மனமில்லை.

கார்மன்டில் சாயம் பார்க்க ஒரு வழி வைத்திருந்தார்கள். வெள்ளைத் துணித் துண்டு ஒன்றை ஒரு சின்ன மெசினில் மாட்டி, உடுப்புத் துணியின் மேல் பத்துத் தரம் முன்னும் பின்னும் தேய்ப்பார்கள். ஒருமுறை காய்ந்த துண்டு, ஒருமுறை நனைந்த துண்டு. வெள்ளையில் எவ்வளவு நிறம் ஏறியதென்று அட்டையோடு வைத்துப் பார்ப்பார்கள். அந்த மெசின் நமக்கு எதற்கு? ஒரு பழைய வெள்ளைப் பெனியன் துண்டை நனைத்துப் பிழிந்து, புதுத்துணியின் உள்மடிப்பில், வெளியே தெரியாத இடத்தில், விரலால் அழுத்திப் பத்துத் தரம் தேயுங்கள். லைனிங்கையும் தனியாகத் தேய்த்துப் பாருங்கள். வெளித்துணியைப் பார்த்து ஏமாந்துபோகிறோம், பிள்ளையின் மேலில் படுவது லைனிங்தான். வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் நிம்மதி. நிறம் ஏறினால் அது வாளிக்குப் போக வேண்டிய துணி, கழுத்துக்கு அல்ல.

அலசுவதும் பெரிய வேலையில்லை. உள்பக்கத்தை வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில், கொஞ்சமாகச் சவுக்காரம் போட்டு, தண்ணீர் தெளியும்வரை மாற்றி மாற்றி அலச வேண்டும். கடும் நிறத்தை வேறெதனோடும் சேர்க்க வேண்டாம். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். எனக்கு ஒருநாளும் நின்றதில்லை, உப்புதான் போனது. கல்லும் சரிகையும் ஒட்டுவேலையும் உள்ள கவுனைத் தண்ணீரில் போட்டால் கெட்டுவிடும் என்றால், உள்ளே ஒரு பருத்திப் பெனியனோ பெட்டிகோட்டோ போட்டு அதன்மேல் உடுத்துங்கள். பட்டுச் சேலையை நனைக்க நான் சொல்ல மாட்டேன், இரண்டு நாள் காற்றாட நிழலில் தொங்கவிட்டால் போதும். சைசை முதலில் போட்டுப் பார்த்துவிடுங்கள். நனைந்த துணியை எந்தக் கடையும் திருப்பி எடுக்காது.

இனித்தான் என் ஆதங்கம். இவ்வளவையும் கேட்டுவிட்டு எங்கள் லயத்துப் பெண்ணொருத்தி கேட்டாள்: "எல்லாம் சரி அக்கா, எப்ப வாங்கி, எப்ப அலசி, எங்க காயப்போடுறது?" நியாயமான கேள்வி. தீபாவளி அட்வான்ஸ் எங்களுக்குக் கையில் கிடைப்பது பண்டிகைக்கு மூன்று நாள், நாலு நாள் முன்புதான். ஒரு வருடம் முதல் நாள்தான் கிடைத்தது. காசைக் கண்டதும் எல்லோரும் ஒரே பஸ்ஸில் ஹட்டனுக்கு. கடைக்குள் நிற்க இடமிருக்காது, போட்டுப் பார்க்க விடமாட்டார்கள், கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும். வீட்டுக்கு வரும்போது ராத்திரி எட்டு மணி. மறுநாள் காலையில் பேர் பதிகிற பெரட்டு, மலை, கொழுந்து. பின்னேரம் பலகாரம் சுட வேண்டும். இதில் யார் வாளியைத் தூக்குவது?

தூக்கினாலும் காய வேண்டுமே. ஒக்டோபரும் நவம்பரும் எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று கொழும்பில் இருப்பவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது. வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் வட்டவளை எங்களுக்கு அந்தப் பக்கத்து மலைதான். பகல் ஒரு மணிக்கு இருட்டிக்கொண்டு வரும், அப்புறம் விடியும்வரை ஊற்றும். வீட்டு முன் திண்ணையில், இஸ்தோப்புக் கொடியில் போட்ட துணி மூன்றாம் நாளும் ஈரமாக, ஒரு புழுங்கல் மணத்தோடு தொங்கும். அடுப்புக்கு மேலே கட்டினால் காய்ந்துவிடும். ஆனால் தீபாவளிச் சட்டையில் விறகுப் புகை மணக்கிறதென்று பிள்ளைகள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். எங்கள் தோட்டத்துப் பெக்டரியில் பொய்லர் பக்கம் வேலை செய்யும் அண்ணன் ஒருவர், தெரிந்த நாலு வீட்டுத் துணியை வாங்கிக் கொண்டுபோய் மறைவாகக் காயவைத்துக் கொடுத்ததுண்டு. எல்லா வீட்டுக்கும் அப்படியொரு அண்ணனுக்கு எங்கே போவது?

ஆகவே தோட்ட நிர்வாகங்களிடமும் எங்கள் தொழிற்சங்கத் தலைவர்களிடமும் உங்கள் பத்திரிகை மூலம் ஒன்று கேட்கிறேன். அட்வான்ஸ் எவ்வளவு என்று ஒவ்வொரு வருடமும் பேசுகிறீர்கள், பேசுங்கள். எப்போது என்பதையும் பேசுங்கள். இது யாரும் சும்மா தருகிற காசில்லை, மாதாமாதம் எங்கள் சம்பளத்தில் வெட்டி எடுக்கிற காசு. மூன்று கிழமை முன்பே கொடுத்தால் யாருக்கு என்ன நட்டம்? நெரிசல் இல்லாமல் போய், பார்த்து வாங்கி, ஒரு வெயில் நாளுக்காகக் காத்திருக்க எங்களுக்கு நாள் கிடைக்கும். மூன்று கிழமையில் ஒரு வெயில் நாளாவது வராமலா போகும்?

கடைக்கார ஐயாமாருக்கும் ஒரு வார்த்தை. சின்னப் பிள்ளைகளின் உடுப்புக்கு உள்ளே வெள்ளைப் பருத்தி லைனிங் வைத்தது இருந்தால் அதை முன்னால் தொங்கவிடுங்கள். கொஞ்சம் கூட விலையென்றாலும் விற்கும். வாங்க வருகிறவர்களுக்கு நானே சொல்லி அனுப்புகிறேன்.

இந்த வருடம் என் வீட்டு இஸ்தோப்பில் ஒரு நீல வாளியை வைத்துவிட்டேன். தைக்கக் கொண்டுவரும் பருத்தித் துணி எதுவானாலும் முதலில் அதில் ஊறும், அப்புறம்தான் கத்தரி. இதற்குத் தனிக் கூலி இல்லை. இது நான் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. ஜாக்கெட்டுக்கு வைக்கும் லைனிங்கை நனைக்காமல் வெட்டுகிற தையற்காரியை நான் கண்டதில்லை. நனைக்காமல் வைத்தால் முதல் துவைப்பில் சுருங்கி, ஜாக்கெட் கக்கத்தில் இழுத்துக்கொள்ளும். அப்படிப் பார்த்தால் என் அத்தை இத்தனை வருடமாகத் தீபாவளிக்குக் கோடி என்று உடுத்துகிற ஜாக்கெட்டின் உள்பக்கம் எல்லாம் நனைத்த துணிதான். இதுவரை நான் வாய் திறக்கவில்லை. இந்தக் கடிதம் அச்சில் வந்தால் மகன் வாசித்துக் காட்டுவான், அப்போது தெரிந்துகொள்வார்.

பேத்திக்கு இந்த முறை துணி எடுத்து நானே தைத்துவிட்டேன். இளம் ரோஸ் நிறப் பருத்தி. முந்தாநாள் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்ததும் அலசிப் போட்டேன். மஞ்சளைக் காய்ந்த துணியில் வைப்போம், சாமிக்கு முன்னால் வைத்தே கொடுப்போம், ஒன்றும் குறையாது என்று அத்தைக்குச் சமாதானம் சொன்னேன். சட்டையை வாங்கி முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். "எல்லாஞ் சரிதான். கோடி வாசம் எங்கடி?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அந்த வாசம் எனக்கும் பிடிக்கும். ஏழு வருடம் அதற்குள்தானே நின்றேன்.

இப்படிக்கு,
தோட்டத்துத் தையற்காரி ஒருத்தி,
பொகவந்தலாவை.